மூன்றாவது கிளாஸ்

மொத்த விலை மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளும் மூன்று பெண்களும், வேலையைப் பார்ப்பதுபோல் வாசலைப் பார்க்கிறார்கள். இங்கே முதலாளி யாரையும் வாய்திறந்து வேலையைவிட்டு நிறுத்துவதில்லை, அவ்வளவு நல்ல மனசு; டீயைக் குறைத்துவிடுவார். கிளாஸ் கிடைக்காதவள் மறுநாள் வர வேண்டாம். போன மாதம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், தார்ப்பாய்க்குப் பின்னால், காம்பு கிள்ளும் மெஷின் உறுமிப் பார்க்கிறது. நெடியில் ஓயாமல் தும்மித் தும்மியே தும்மல்காரி என்று பேர் வாங்கியவள் இன்று மூக்கைப் பொத்தியபடி இருக்கிறாள். "தும்மித் தொலைங்க அண்ணி, மெஷினாவது பயந்து ஓடட்டும்" என்கிறாள் பக்கத்தில் இருக்கும் நாத்தனார். யாரும் சிரிப்பதாக இல்லை. டீக்காரர் தட்டோடு நுழைகிறார். மூன்று கிளாஸ். தும்மல்காரிக்குப் போன உயிர் திரும்பி வருகிறது; அடக்கிவைத்த தும்மலும் கூடவே வருகிறது. அவள் கண்ணைத் திறப்பதற்குள் மற்ற இருவர் கையிலும் டீ. மூன்றாவது கிளாஸுக்குக் கை நீட்டுகிறாள். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு, கையைத் துடைத்தபடி மெஷின்காரர் வருகிறார். "அக்கா, அது அவருக்கு" என்கிறார் டீக்காரர், தரையைப் பார்த்து. நாத்தனார் தன் கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். சுட்டாலும் கீழே வைப்பதாக இல்லை.