ராத்திரி மாத்திரை

“மாத்திரையெல்லாம் எங்கே போச்சு?”

டாக்டரம்மா கேட்டதும் தையல்காரர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

“சாப்பிட்டேம்மா.”

“சாப்பிட்டிருந்தா கிருமி செத்திருக்கணுமே! குழாய் விட்டுப் பார்த்தேன். உங்க வயித்துல ஜம்முனு குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கு.”

பக்கத்து நாற்காலியில் மனைவி. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வயிற்று வலியைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“இங்க பாருங்க, அரைகுறையா மருந்து போனா கிருமி சாகாது. அந்த மருந்துக்கே பழகிடும். இனிமே அதை நீங்க மூட்டை மூட்டையா முழுங்கினாலும் அது அசையாது. நான் நம்பிக் கொடுக்க இன்னும் ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. வயித்துப் புண்ணுல ஏற்கெனவே ரத்தம் கசியுது. இதுவும் பலிக்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு சாப்பிட்டீங்க?”

“பாதி.”

“மீதி?”

“ஒரே கசப்பு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் புது மருந்தை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

கசப்பாவது, மண்ணாவது. காலை மாத்திரையை மனைவி எதிரிலேயே விழுங்கிவிடுவார். ராத்திரி மாத்திரையைக் கடையிலேயே போட்டுக்கொள்வதாகச் சொல்லிச் சட்டைப் பையில் எடுத்துப் போவார். அது பக்கத்துக் கடை சலூன்காரன் வயிற்றுக்குப் போய்விடும்.

அவனுக்கும் அதே எரிச்சல், அதே வலி. தெருவில் அத்தனை பேர் கழுத்திலும் கத்தி வைக்கிறவன், தன் தொண்டைக்குள் குழாய் போகும் என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றுவிட்டான். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, இவர் மட்டும் எப்படித் தனியாக மாத்திரை விழுங்குவார்? கொஞ்ச நாள் இரண்டு பேருக்குமே வலி விட்டிருந்தது. ஒரே மருந்துச் சீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் முடிந்ததென்று இரண்டு பேரும் பூரித்துப்போனார்கள்.

ஆஸ்பத்திரிப் படி இறங்கியதும் மனைவி வாயைத் திறந்தாள்.

“கசந்துதா?”

“ஆமா.”

“தூக்கிப் போட்டீங்க?”

“ஆமாம்மா.”

“வெட்டின துணியில விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சினாலும், எதுக்காவது ஆகும்னு மூட்டை கட்டி வைக்கிற ஆளு. உடைஞ்ச பித்தானைக்கூட நீங்க தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்ல. மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்களாக்கும்?”

தையல்காரருக்கு வேர்த்துவிட்டது.

“அந்த சலூன்காரனுக்குத்தானே கொடுத்தீங்க?”

“அவன் பாவம்...”

“அப்ப நான்?” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.

சலூன்காரன் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்து முடித்திருந்தான்.

“கத்தியைக் கீழ வை.”

“அண்ணி?”

“வைன்னு சொன்னேன். இவர் மாத்திரையைச் சாப்பிட்டியா, இல்லையா?”

அவன் வாசலில் மூச்சு வாங்க நின்ற தையல்காரரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

“நான் வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி. அண்ணன்தான் கேட்கல.”

“இப்ப வலி எப்படி இருக்கு?”

“திரும்ப வந்துடுச்சு அண்ணி. முன்னைவிட ஜாஸ்தி.”

அவ்வளவுதான். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதி முகத்தில் நுரையோடு வாடிக்கையாளர் வாசல் வரை வந்து வேடிக்கை பார்த்தார். “இவனைப் பார்த்தா அப்படித் தெரியலையே” என்றார் ஒருவர். “போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம்மா” என்று இன்னொருவர் கேட்காமலே வழி சொன்னார்.

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

“அவனை விட்டுடு! தப்பு என்மேலதான். இனிமே அவன் கடைப்பக்கம்கூடப் போக மாட்டேன். புது மாத்திரை பூராவும் நானே சாப்பிடறேன், சத்தியமா!”

“உங்க சத்தியமெல்லாம் அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ற வரைக்கும்தான்” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

போலீஸ் ஸ்டேஷன் திருப்பம் வந்தது. அவள் திரும்பவில்லை. நேராகப் போய் ஆஸ்பத்திரிப் படி ஏறினாள். சலூன்காரனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

“அண்ணி... குழாய் விடுவாங்களே அண்ணி!”

“வாயை மூடு. டாக்டர் சொன்னப்புறம் திறக்கலாம்.”

வரிசையில் இருந்தவர்கள் கூச்சல் போட்டதை அவள் காதில் வாங்கவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சற்று முன் கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள்.

“யாரும்மா இவரு?” என்றார் டாக்டர்.

“முதல்ல இவனைக் குணமாக்குங்கம்மா. இவனுக்குன்னு தனியா மருந்து இருந்தாத்தான், எங்க வீட்டுக்காரர் தன் மருந்தை முழுசா முழுங்குவார்.”