பனி நரியில் ஒரு கீறல்

"இதுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

ஹிராபயாஷி மேஜையைத் தட்டிய தட்டில் என் டீ தளும்பியது. கூட வந்திருந்த அவர் மனைவி கஸுயோ தலையைக் குனிந்துகொண்டார்.

நிப்போன்பாஷி கடைத்தெருவில் எங்களுடையது சின்னக் கடை. சேகரிப்பாளர்கள் தங்கள் மினுங்கும் ஃபாயில் படக் கார்டுகளைக் கொடுத்தால், விளக்கை நாற்பத்தெட்டு இடங்களில் நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, அதே மினுக்கோடு போனில் ஏற்றித் தருவோம். போனைச் சாய்த்தால் வெளிச்சம் ஓடும். படமெடுப்பது ஒகினோ. கல்லாவில் நான்.

ஹிராபயாஷியுடையது பனி நரி கார்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருக்கிறாராம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில், நரியின் வாலுக்குக் குறுக்கே ஒரு கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"முப்பத்தஞ்சு வருஷமா மூச்சுக்காத்துகூடப் படாம வச்சிருந்தேன். உங்க கையில ரெண்டே நாள். கீறி வச்சிருக்கீங்களே."

"மன்னிச்சுக்கணும்" என்று ஒகினோ இடுப்பு வளையக் குனிந்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கையுறை இல்லாமல் அவள் கார்டைத் தொடவே மாட்டாள். அதுபோக, எந்தக் கார்டு வந்தாலும் உறையைப் பிரிக்கும் முன்பே ஒரு படம் எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அதைத் திறந்து காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

மவுஸில் கை வைத்தேன். மேஜைக்கடியில் ஒகினோ என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"மன்னிப்பு யாருக்கு வேணும்? முதலாளியைக் கூப்பிடுங்க. இந்தப் பொண்ணு இந்த வேலைக்கே லாயக்கில்ல."

வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் மனுஷன். இவளோ மறுபடியும் குனிகிறாள்.

"என்னங்க, போதும். அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க." கஸுயோ தலையை நிமிர்த்தினார். "கீறினது நான்தான்."



"போன மாசம் அலமாரி துடைச்சப்ப, கார்டை வெளிய எடுத்துத் துணியால ஒத்தினேன். மோதிரம் பட்டுடுச்சு. சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன், வாய் வராது." சொல்லிவிட்டு அழுதார்.

இப்போது ஹிராபயாஷி வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மனைவியின் தோளில் கை வைத்தார்.

"இதுக்கா இத்தனை நாளும் சோறு இறங்காம கிடந்தே? கீறினாக் கீறிட்டுப் போகுது."

"படத்துல அந்தக் கீறலை எடுத்துடட்டுமா?" என்றாள் ஒகினோ.

"வேணாம். இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும். வா கஸுயோ, சூடா உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் போலாம்."

கஸுயோ ஒகினோவிடம் நாலு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்தபோது பெரிய பாரத்தை இறக்கி வைத்த முகம். பார்த்த எனக்கே நிம்மதியாக இருந்தது. ஆனாலும் அந்த ஆள் மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

அவர்கள் போனதும் ஒகினோவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த ஆள் பாட்டுக்குத் திட்டறான், நீ பாட்டுக்குக் குனியறே. முதல் படத்தைக் காட்டியிருந்தா அப்பவே வாயடைச்சுப் போயிருப்பான்ல?"

"காட்டியிருந்தா எல்லாம் கெட்டிருக்கும். முந்தாநாள் நீங்க லீவு. அவர் தனியா வந்துதான் கார்டைக் கொடுத்துட்டுப் போனார்" என்றபடி, அன்று அவர் எழுதிக்கொடுத்த படிவத்தை எடுத்து நீட்டினாள்.

'கார்டில் ஏற்கனவே உள்ள குறைகள்' என்ற கட்டத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது:

"வாலில் ஒரு கீறல். என் மனைவி துடைக்கும்போது பட்டது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நானாகச் சொன்னால், மறைத்ததை நினைத்து இன்னும் குறுகிப்போவாள். ஆனால் தன் தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கினால் அவளால் தாங்க முடியாது, தானே சொல்லிவிடுவாள். அதனால் அவளோடு வரும்போது உங்களைப் பார்த்துக் கொஞ்சம் கத்துவேன். முன்கூட்டியே மன்னித்துக்கொள்ளுங்கள்."