தைரியமான மாப்பிள்ளை

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுப்பா, மழையில ஒண்ணும் கேக்கல!” என்றார் கரீம் பாட்சா, தன் மூக்குக்கு நேராகக் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றவனிடம்.

வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, “கல்லாச் சாவியை எடு! மொபைலை எடு! அந்தம்மா கையில இருக்கிற வளையலையும் கழற்று!” என்று கத்தினான். எல்லாம் பம்பாய் இந்தியில்தான். நமக்கு எதற்கு அந்தச் சிரமம்?

தாராவியில் கரீம் பாட்சாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாட்கள் இல்லை. கீழே அவர், அவர் மனைவி பேகம், மகள் தமன்னாவுக்குப் பார்த்திருக்கும் பையன் ராஹில், அவ்வளவுதான். தமன்னா மாடியில் இருந்தாள். ராஹில் பம்பாயிலேயே இருக்கும் பாண்டுப்பிலிருந்து பட்டறையைப் பார்க்க வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை, ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி. சட்டையில் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போட்டிருந்தான்.

கரீம் பாட்சாவுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹ் முடிந்தால் பெண் புகுந்த வீடு போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். நாளைக்கு இந்த வீட்டுக்கும் பட்டறைக்கும் காவல் அவன்தானே! அதனால் கரீம் பாட்சாவுக்கு ஒரே பிடிவாதம்: பையன் கறுப்போ சிவப்போ, நெஞ்சில் துணிச்சல் வேண்டும். போன மாதம் வந்த பையன் ஒரு எலியைக் கண்டு தையல் மிஷின் மேல் ஏறி நின்றான். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயே போச்சு. இந்தப் பையனாவது தேறணுமே என்று பேகம் நாகூருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, குடுத்துத் தொலைங்க! வளையல் போனா இன்னொண்ணு வாங்கலாம். உசிரு போனா எந்தக் கடையில வாங்க?” என்று தமிழில் கெஞ்சினாள் பேகம். வளையலைக் கழற்றவும் ஆரம்பித்துவிட்டாள். அதுவோ சோப்புப் போட்டாலொழிய வராது.

“ஏளா, சும்மா இரு. மாப்பிள்ளை என்ன சொல்லுதாருன்னு பாப்பம்.” கரீம் பாட்சா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்ன தம்பி? குடுத்துரலாமா, ஒரு கை பாத்துரலாமா?”

“கத்தியை நீட்டிக்கிட்டு நிக்கிறான். இப்பக் கேக்கிற கேள்வியா இது?” பேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ராஹில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். “குடுக்கக் கூடாது மாமா. இன்னிக்குக் குடுத்தா நாளைக்கும் வருவான். மாமி, நீங்க டென்ஷன் எடுக்காதீங்க.”

“சபாஷ்!”

“ஏய், என்ன பேசுறீங்க? இந்தியில பேசுங்க!” என்று திருடன் அதட்டினான்.

“உன் விஷயம்தான் பேசிக்கிட்டிருக்கோம், கொஞ்சம் பொறு” என்றார் கரீம் பாட்சா.

ராஹில் எழுந்து நேராகத் திருடன் முன்னால் போய் நின்றான். “என்ன பாய், கை இப்படி நடுங்குது? புதுசா தொழிலுக்கு? எங்க, குத்துங்க பாக்கலாம்.”

“ஐயோ, இவங்க உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!” என்று பேகம் அலறினாள்.

கரீம் பாட்சாவுக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “மூத்தவன் நான் இருக்கும்போது அவரை ஏன் குத்துறே? மொதல்ல என்னைக் குத்து!”

“நீங்க உக்காருங்க மாமா, நான்தான் மொதல்ல வந்தேன்.”

“அதெப்படி மாப்பிள்ளை? பட்டறை என்னுது!”

திருடன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பம்பாயில் எத்தனையோ பேரை மிரட்டியிருப்பான், குத்து வாங்க வரிசைக்குச் சண்டை போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறான். ஓர் அடி பின்னால் வைத்தான். அந்த நேரம் பார்த்து ராஹில் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

“வலிச்சா சொல்லுங்க பாய், விட்டுடறேன்.”

கத்தி கீழே விழுந்தது. கரீம் பாட்சா ஹெல்மெட்டின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “பைத்தியக்காரக் குடும்பம்!” என்று கத்திக்கொண்டே திருடன் ஒற்றைச் செருப்போடு மழையில் ஓட்டம் பிடித்தான்.

“பாத்துப் போப்பா, சந்து வழுக்கும்!” என்று கரீம் பாட்சா வாசல்வரை வந்து சொன்னார்.

திரும்பி வந்ததும் ராஹிலை அப்படியே கட்டிக்கொண்டார். “மாப்பிள்ளைன்னா நீருதாம்வே! பேகம், தமன்னாவைக் கீழ வரச் சொல்லு. அடுத்த மாசமே நிக்காஹ்!”

“ரெண்டு பேருக்கும் உசிரு மேல ஆசையே இல்லையா?” என்று திட்டிக்கொண்டே பேகம் ராஹிலின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட மாடிக்குப் போனாள்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். முழங்கால்வரை நனைந்த ஓர் ஆள், கையில் குடையோடு தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கரீம் பாட்சாவின் காதருகே குனிந்து, மழைச் சத்தத்தில் ரகசியத்தையும் உரக்கவே சொன்னான்.

“மன்னிச்சிருங்க பாய், சயான் ஸ்டேஷன்ல தண்டவாளத்துல தண்ணி ஏறி ட்ரெயின் நின்னுட்டு. நீங்க போன்ல ஏற்பாடு பண்ணின திருடன் நான்தான். மாப்பிள்ளை போயிட்டாரா, இருக்காரா?”

கரீம் பாட்சா மெல்லத் திரும்பித் தரையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். பின்னால் ராஹில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

“அப்போ... ‘எங்க வாப்பா ஒரு திருடனை செட்டப் பண்ணி அனுப்புவாங்க, பயப்படாதீங்க’ன்னு தமன்னா சொன்ன ஆளு, இவர்தானா மாமா?”