தொண்ணூறில் நிற்க வேண்டிய பட்டை

மருத்துவமனைக் காத்திருப்பு அறையின் திரையில், அறுவை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டி ஊரும் பச்சைப் பட்டைக்கு நிரல் எழுதியவளே அவள்தான். அறுவை அரங்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. காத்திருப்பவர்கள் மனம் தேறட்டும் என்று தொண்ணூறு வரை தானாக ஏறி நிற்கும். இன்று உள்ளே அவளுடைய அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தொண்ணூறைத் தொட்ட பட்டை எண்பத்தொன்பதுக்கு இறங்கியது.

கூட வேலை பார்ப்பவனைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

“இறங்குறதுக்கு நாம எழுதவே இல்லையே! கண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு தாயே.”

பட்டை நாற்பதுக்கு வந்தது, பிறகு பன்னிரண்டுக்கு. நர்ஸ் எட்டிப் பார்த்து, “உள்ள நல்லாத்தான் போகுதும்மா, பயப்படாதீங்க” என்றாள்.

திரை பூஜ்யம் காட்டியது.

தெருப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு, காலையில் கொண்டுவந்த அதே துணிப்பையோடு அண்ணன் வந்தான். “என்ன பாப்பா, இன்னும் அட்மிஷனுக்குப் பேர் கொடுக்கலையா?”