திரும்பாத அழைப்பு

திரையில் நேரம் நின்றிருந்தது.

விநாடி எண் மாறவேயில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே எண். அதன் கீழே அமோனியா அளவு (குளிரூட்டும் வாயு, கசிந்தால் ஆளைக் கொல்லும்), குளிர் அறையின் வெப்பநிலை, கதவு விளக்கு. எல்லாம் பச்சை.



இந்த இறால் கம்பெனிக்கு நிரல் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஹாஸ்கல் என்ற கணினி மொழியில். உள்ளே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன இழைகள். ஒன்று வாயுவை அளக்கும், ஒன்று விளக்கை மாற்றும், ஒன்று சைரனை அலறவிடும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து ஓடும். சண்டை சச்சரவு கிடையாது.

சென்சாரோடு பேசுவதற்கு மட்டும் வெளியார் சி மொழியில் எழுதிய நிரல். அங்கே போன இழையை யாரும் கூப்பிட முடியாது. அதுவாகத் திரும்பி வர வேண்டும். அதனால் அந்த அழைப்பைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள், மற்றவை நிற்காமல் ஓடட்டும் என்று. கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சத்தைத்தான் அவள் மிச்சம் பிடித்தாள். போனதும் திரும்பிவிடுகிற அழைப்புக்கு இத்தனை மரியாதை எதற்கு? ‘பாதுகாப்பற்றது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். இனி அந்த அழைப்பு ஒதுங்காது; அது திரும்பும்வரை மற்ற இழைகள் எல்லாம் நிற்கும். வேகம் கூடியது. ஆபீசில் கைதட்டினார்கள்.

இன்று அது திரும்பவில்லை.

திரையிலிருந்த சைரன் பொத்தானை அழுத்தினாள். சத்தமில்லை. இன்னும் அழுத்தினாள். அதுவும் ஓர் இழைதானே. முறை வரட்டும் என்று காத்திருந்தது.

சூப்பர்வைசர் சிலுவைதாசன் டீயை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தார்.

“ஏன் மேடம் பதறுதீய? எல்லாம் பச்சையாத்தான இருக்கு.”

அது இப்போதைய பச்சை அல்ல. எப்போதைய பச்சை என்று அவளுக்கே தெரியாது.

எழுந்து ஓடினாள். செருப்பு கழன்றது. நின்று மாட்டவில்லை.

குளிர் அறை வாசலில் பேக்கிங் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு மேலே பச்சை விளக்கு. இன்னும் யாரும் போகவில்லை! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்து நின்றாள்.

“போகாதீங்க. யாரும் உள்ள போகாதீங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள்.

“பச்சதான மேடம் எரியுது. ஃபிலோமினாக்கா செட்டு அப்பமே உள்ள போயிட்டாவளே.”

அவள் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்தாள். கதவிடுக்கில் கசிந்த காற்று கண்ணைக் கரித்தது.

உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் எதுவும் வரவில்லை.