கொட்டகைக்குள் கேமரா கூடாது

"என் மூஞ்சிய நான் ஏன் ஒரு மெஷினுக்குக் காட்டணும்? எழுபது வயசு ஆளு, பதினெட்டு தாண்டிட்டேன்னு அதுகிட்ட சத்தியம் பண்ணணுமா?"

தோட்டக் கொட்டகை வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பொருமினார் டெரிக். அவர் மனைவி மாரீன் டீக் கோப்பையை நீட்டினாள்.

"சத்தியமெல்லாம் வேணாம். கேமராவப் பாத்து ஒரு நிமிஷம் பேசாம இருந்தாப் போதும். ஆனா, உன்னால அது முடியாதுதான்."

மறுநாள் ஊர் கிளப்பில் லீக்ஸ் போட்டி. வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் அந்த லீக்ஸை ஆள் தொடை பருமனுக்கு வளர்த்துக் காட்டுவதில்தான் அந்தப் பழைய சுரங்க ஊரின் மானமே இருந்தது. டெரிக் வருஷா வருஷம் கலந்துகொண்டு, வருஷா வருஷம் கோலினிடம் தோற்றவர். இந்தத் தடவை அவர் வளர்த்ததைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவ்வளவு அழகு. பெயர் கொடுக்க அன்று சாயங்காலத்தோடு கடைசி.

அதைக் கிளப்பின் இணையதளத்தில்தான் கொடுக்க வேண்டும். இணையத்தில் பிள்ளைகளைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வந்ததும், செயலாளர் நெவில் அபராதத்துக்குப் பயந்து தளத்தின் வாசலிலேயே வயதுச் சோதனையை வைத்துவிட்டார். உறுப்பினர்கள் படம் போட்டு அரட்டை அடிக்கும் பக்கம் ஒன்று அதில் இருந்ததுதான் காரணம்.

"லீக்ஸ் படத்தப் பாத்துப் பிள்ளைங்க கெட்டுப்போக என்ன இருக்கு?"

"கோலின் சட்ட இல்லாம லீக்ஸக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கற படம் இருக்கே. அதப் பாத்து நானே ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல."

மாரீன் வழக்கம்போல மூலையில் இருந்த உர வாளியைக் குச்சியால் கலக்கத் தொடங்கினாள். டெரிக் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"மூஞ்சி பெருசில்ல மாரீன். கேமராவத் தொறந்தா எனக்குப் பின்னாடி லீக்ஸ் தெரியும். என் ரகசிய உரம் இருக்கற இந்த வாளி தெரியும். எந்த ஊர்ல எவன் உக்காந்து பாக்கறானோ."

"அப்ப வீட்டுக்குள்ள வந்து பண்ணு."

"நான் உள்ள போற நேரம் பாத்து எவனாவது லீக்ஸ்ல கத்திய வெச்சிட்டா?"

போட்டி நெருங்கிவிட்டால் அந்த ஊரில் யாரும் கொட்டகையை விட்டு நகர மாட்டார்கள். டெரிக்குக்கு ஒரு வாரமாக அங்கேதான் தூக்கம்.

"அப்ப விபிஎன் போட்டுக்க. முடி வெட்டற எடத்துல எல்லாரும் அதத்தான் பேசறாங்க. நீ வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டும். வெளிநாட்டுக்காரங்ககிட்ட அந்தத் தளம் மூஞ்சி கேக்காது."

"கவர்மெண்டுக்குத் தெரியாதா?"

"கோலினுக்கும் தெரியாது."

அந்த ஒரு வார்த்தை டெரிக்குக்குப் போதுமாக இருந்தது. மாரீன் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை வாங்கினாள்.

"எந்த நாடு வேணும்? ஹாலந்து?"

"ஐயோ வேணாம். அவனுங்க தோட்டக்காரனுங்க, உளவு பாப்பானுங்க."

"நார்வே?"

"அங்க வெறும் பனி. லீக்ஸப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதையே போடு."

தளம் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. டெரிக் ஒற்றை விரலால் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டு, அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் டீயை உறிஞ்சினார்.

"சரி, நான் ஜாய்ஸப் பாத்துட்டு வரேன்" என்று ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மாரீன் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தக் கோடை முழுவதும் சாயங்காலமானால் அவளுக்கு அங்கேதான் பொழுது போயிற்று.

மறுநாள் டெரிக் தன் லீக்ஸை மேஜையில் வைத்ததும் கிளப்பே அதைச் சுற்றிக் கூடிவிட்டது. கோலின் முகம் செத்துவிட்டது. டெரிக் அதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நெவில் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"டெரிக், இதப் பரிசுக்கு எடுத்துக்க முடியாது. நீ பேர் கொடுத்தது நார்வேலருந்துன்னு பதிவாயிருக்கு. ஊர் எல்லைக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் போட்டி."

"நேத்து காலைல என் வேலி மேல சாஞ்சுக்கிட்டுப் பேசுனியே நெவில்."

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாதே. நானே கவனிச்சிருக்க மாட்டேன். காலைல ஒருத்தங்க வந்து ஞாபகப்படுத்துனாங்க."

"யாரு, கோலினா?"

"அதச் சொல்ல மாட்டேன். அவங்க பிரைவசிய நான் காப்பாத்தணும்."

நெவில் லீக்ஸின் மேல் 'வெளிநாட்டு விருந்தினர்' என்று ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தார். "நார்வேல குளிர் எப்படி இருக்கு டெரிக்?" என்று கோலின் கேட்க, கிளப்பே சிரித்தது. டெரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதலுக்கு மாரீனைத் தேடினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

நெவில் மைக்கைத் தட்டினார். "முதல் பரிசு, துணி காயவைக்கற மெஷின். ஜாய்ஸ் வீட்டுத் தோட்டத்துல வளந்த லீக்ஸுக்கு. மாரீன் ராப்சன், மேடைக்கு வாங்க."

கோலின் வாயைப் பிளந்தார். டெரிக் எழுந்து போய்ப் பார்த்தார். மேஜைக் கடைசியில், தன்னுடையதைவிட ஒரு விரல் மெலிந்து, மற்றபடி தன்னுடையதேபோல ஒரு ஜோடி லீக்ஸ்.

"நீ எப்படிப் பேர் கொடுத்தே?" என்றார் மனைவியிடம்.

"மூஞ்சியக் காட்டித்தான்."

"என் உரம்? அந்த ரகசியம் உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதே மாரீன்."

"தெரியாதுதான். அதான் கேமராவையே மூடி வெச்சியே" என்ற மாரீன், பரிசு மெஷினின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "வாளியக் கலக்கறது யாருன்னு மட்டும் ஒரு நாள் திரும்பிப் பாத்திருக்கலாம்."