நீட்டிய கை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீடு. மத்தியான வெயில் மேசையில் கிடக்கும் பிளாஸ்டிக் மணிகளின் துளைகளுக்குள் இறங்கி நிற்கிறது. கனடாவிலிருந்து மாமி அனுப்பிய மணிகள் அவை. முள் முளைத்த தட்டொன்றில் அவற்றைக் குத்திக் குத்தித் தர்மினி ஒரு வீரனை அடுக்கிவிட்டாள். சின்ன வயதில் அவளும் அண்ணாவும் ரீவியில் அடிபட்டு விளையாடிய கேமின் வீரன். நீலத் தொப்பி, சதுர மூக்கு, நீட்டிய கையில் கறுப்புத் துவக்கு. பக்கத்தில் ஸ்திரிக்கைப் பெட்டி சூடேறுகிறது. ஒயில் பேப்பரை விரித்துத் தேய்த்தால் மணிகள் உருகி ஒட்டிவிடும். பிறகு எதையும் மாற்ற முடியாது.

“எங்க கொழுவப் போறாய்?” பின்னேர வேலைக்கு வெளிக்கிட்ட அண்ணா நிமலன் கேட்கிறான்.

“ரோட்டுப் பக்கச் சன்னல்ல.”

“விசரே உனக்கு? கீழ ஆமியின்ர செக்பொயின்ற். துவக்கைக் கழட்டு.”

“இது விளையாட்டுச் சாமான், அண்ணா.”

“அதை அவங்களுக்கு ஆர் விளங்கப்படுத்துறது?”

கடற்கரை ரயில் போகிறது. மேசையில் மணிகள் நடுங்குகின்றன. அவள் இடுக்கியால் கறுப்பு மணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். துவக்குப் போன கை பிச்சை கேட்பதுபோல் வெறுமனே நீண்டிருக்கிறது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. யோசித்துவிட்டு, அந்தக் கையில் இரண்டு வெள்ளை மணிகளைப் பக்கம் பக்கமாக, ஓர் அட்டைபோலக் குத்துகிறாள். நிமலன் குனிந்து பார்க்கிறான். தன் சட்டைப் பையைத் தடவி, அடையாள அட்டை இருக்கிறதென்று உறுதிசெய்துகொண்டு படியிறங்குகிறான்.

தர்மினி ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்குகிறாள்.